பகைவருக்கு எதிராக ஜெபித்தல்: தேவநீதியை நம்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அநியாயத்துக்கு ஆளான விசுவாசிகள் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற கேள்விகள் இவை. சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்ட உறவினரையோ, பொய்ப் புகார் சொல்லி வேலையைப் பறித்த மேலாளரையோ, நம்பிச் சொன்ன இரகசியத்தைப் பலரிடமும் பரப்பிய நண்பரையோ மனத்தில் வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதே இங்கே பேசப்படுகிறது.

கேள்வி: எனக்குத் தீங்கு செய்தவருக்கு எதிராக நான் ஜெபிக்கலாமா?

ஜெபிக்கலாம். வேதாகமத்தின் ஜெபப் புத்தகமாகிய சங்கீதங்களில் இப்படிப்பட்ட ஜெபங்கள் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கவில்லை. 7, 35, 55, 58, 59, 69, 79, 83, 109, 137, 139, 140 ஆகிய சங்கீதங்களில் பகைவர்மேல் தேவனுடைய நியாயத்தீர்ப்பு வரவேண்டும் என்ற மன்றாட்டு வெளிப்படையாகவே இருக்கிறது. எரேமியா தீர்க்கதரிசியும், தம் சொந்த ஊராகிய ஆனதோத்தின் மனிதர்கள் தம்மைக் கொல்லத் திட்டமிட்டபோது, தம் வழக்கைக் கர்த்தரிடம் ஒப்படைத்து அவர்களுக்கு எதிராக நீதி கேட்டார். ஆகவே, கோபத்தோடும் கண்ணீரோடும் தேவனிடம் போவது பாவம் என்று எண்ணி, எல்லாவற்றையும் உள்ளே அடக்கிக்கொண்டு, வெளியே மட்டும் சாந்தமாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் எந்த விசுவாசிக்கும் இல்லை.

ஆனால் அந்த ஜெபங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நிலை உண்டு. ஜெபிக்கிறவர் வழக்கைக் கொடுக்கிறாரே தவிர, தீர்ப்பைத் தம் கையில் வைத்துக்கொள்வதில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த ஒன்றைப் பற்றியவைதான்.

கேள்வி: "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று இயேசு சொன்ன பிறகும் இது பொருந்துமா? அந்தச் சங்கீதங்கள் பழைய ஏற்பாட்டுக் காலத்தோடு முடிந்துவிட்டவை அல்லவா?

பழைய ஏற்பாடு பழிவாங்கச் சொன்னது, புதிய ஏற்பாடு அன்புகூரச் சொன்னது என்று பிரித்துக்கொள்வது சுலபம். ஆனால் வேதவசனங்கள் அந்தப் பிரிவினைக்குள் அடங்குவதில்லை. சத்துருவின் மாடாவது கழுதையாவது வழிதப்பிப் போவதைக் கண்டால் அதைத் திரும்பக் கொண்டுபோய் அவனிடம் விடவேண்டும் என்று யாத்திராகமம் 23-ஆம் அதிகாரமே கட்டளையிடுகிறது. சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனம் கொடு என்று ரோமர் 12-இல் பவுல் எழுதுவது நீதிமொழிகள் 25-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த வசனம். மறுபக்கம், பலிபீடத்தின் கீழிருக்கிற இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள், தங்கள் இரத்தத்துக்காக எதுவரைக்கும் நியாயந்தீர்க்காமலிருப்பீர் என்று ஆண்டவரை நோக்கிக் கூப்பிடுவது புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகத்தில்தான் வருகிறது. தன் எதிராளிக்கு விரோதமாக நியாயம் கேட்டு, அநீதியுள்ள நியாயாதிபதியைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்த விதவையை, சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு முன்மாதிரியாகக் காட்டியவரும் இயேசுவே.

இரண்டையும் இணைக்கும் இடம் ரோமர் 12:19. "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதில்செய்வேன்" என்று கர்த்தர் சொல்லியிருப்பதால் நீங்கள் பழிவாங்காமல், தேவனுடைய "கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்" என்கிறார் பவுல். செய்யப்பட்டது பெரிய தவறல்ல என்றோ, காலம் போனால் மறந்துவிடும் என்றோ அவர் சமாதானம் சொல்லவில்லை. தேவன் நியாயந்தீர்ப்பார் என்பதே நாம் கையை இறக்குவதற்கு அவர் தரும் காரணம். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டு, வெறுமனே பொறுத்துக்கொள் என்று அடிபட்டவரிடம் சொல்வது, என் கருத்தில், அவருக்கு இரண்டாம் முறை இழைக்கப்படும் அநீதி. சபைகளில் இது அடிக்கடி நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இயேசுவே நடந்துகாட்டிய வழியும் இதுதான். சிலுவையில் தம்மை அறைந்தவர்களுக்காக மன்னிப்பு வேண்டிய அவரைப் பற்றிப் பேதுரு எழுதும்போது, அவர் வையப்படும்போது பதில் வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், "நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்" என்கிறார்.

கேள்வி: நீதி கேட்கிறேனா, பழி கேட்கிறேனா என்பதை எப்படி அறிவது?

ஜெபத்தின் வார்த்தைகளை மட்டும் வைத்து அறிய முடியாது, ஏனெனில் இரண்டுக்கும் வார்த்தைகள் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். ஜெபித்து எழுந்த பிறகு கையும் நாவும் என்ன செய்கின்றன என்பதில்தான் அது தெரியவரும்.

இதற்குத் தாவீதின் வாழ்க்கையில் அடுத்தடுத்த அதிகாரங்களில் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. 1 சாமுவேல் 24-இல், மூவாயிரம் பேரோடு தன்னைக் கொல்லத் தேடி வந்த சவுல் ராஜா, தாவீதும் அவன் ஆட்களும் பதுங்கியிருந்த என்கேதியின் கெபிக்குள்ளேயே (குகைக்குள்ளேயே) தனியாக நுழைகிறான். இதுதான் கர்த்தர் சொன்ன நாள் என்று ஆட்கள் தூண்டுகிறார்கள். தாவீது இருட்டில் மெல்ல எழுந்துபோய் சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொள்கிறான். அதைச் செய்ததற்கே அவன் மனம் அவனை அடித்துக்கொள்கிறது. பிறகு கெபிக்கு வெளியே வந்து, அந்தத் துணித்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பாராக, என் கை உம்மேல் விழாது என்று சவுலைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்கிறான். சவுல் செய்தது தவறில்லை என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வழக்கு அப்படியே நிற்கிறது. தண்டனை கொடுக்கும் உரிமையை மட்டும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த அதிகாரத்தில் நாபால் என்ற பணக்காரன் அவனை அவமானப்படுத்தி ஆகாரம் தர மறுத்தபோது, அதே தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு, விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளைகூட மிஞ்சக்கூடாது என்று கிளம்பிவிட்டான். ராஜாவைத் தப்பவிட்டவன் ஒரு அவமானப் பேச்சைத் தாங்கமாட்டாமல் போனான். நாபாலின் மனைவி அபிகாயில் வழியிலே எதிர்கொண்டு, பிற்பாடு இந்த இரத்தம் உம்முடைய மனத்துக்கு இடறலாக இருக்கும் என்று எச்சரித்ததால்தான் அவன் நின்றான். பெரிய துரோகத்தை தேவனிடம் விட்டுவிட்டவர்கள் சிறிய அவமதிப்பில் தடுமாறுவது இன்றும் நடப்பதால், இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடைமுறையில் ஓர் அடையாளம் சொல்லலாம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஜெபித்துவிட்டு, அதே நாளில் அந்த நபரைப் பற்றிய செய்தியை நான்கு பேருக்குக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டிருந்தால், வழக்கு இன்னும் கைமாறவில்லை.

கேள்வி: சங்கீதம் 109, 137 போன்றவற்றின் கடுமையான வரிகளை அப்படியே என் ஜெபமாகச் சொல்லலாமா?

இந்தக் கேள்வியில் திருச்சபையே பல காலமாகத் தடுமாறியிருக்கிறது. 1784-இல் ஜான் வெஸ்லி வட அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக ஆராதனை முறையைத் தொகுத்தபோது, கிறிஸ்தவச் சபையின் வாய்க்குத் தகாதவை என்று சொல்லிச் சில சங்கீதங்களையும் வேறு சிலவற்றின் பகுதிகளையும் விட்டுவிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சீரமைக்கப்பட்ட கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்றும் முழுமையாகவே சேர்க்கப்படவில்லை. மாறாக, நாசி ஆட்சியின் கீழ் துன்பப்பட்ட ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937 ஜூலையில், தம் உடன் ஊழியர் மார்ட்டின் நீமோலர் கைதான சில நாட்களுக்குள், சங்கீதம் 58-ஐயே எடுத்துப் பிரசங்கித்தார். பாவமில்லாதவராகிய கிறிஸ்து ஒருவரே இதைக் குற்றமின்றி ஜெபிக்கக்கூடியவர், நாம் அவரோடு சேர்ந்துதான் இதைச் சொல்ல முடியும் என்பது அவர் எடுத்த நிலைப்பாடு. துன்பம் தொலைவில் இருந்தபோது இந்தச் சங்கீதங்களை மூடி வைப்பதும், துன்பம் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவற்றைத் திறப்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சங்கீதம் 137-ஐ எடுத்துக்கொள்வோம். கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்து, தேவாலயம் எரிக்கப்பட்டு, பிழைத்தவர்கள் சிறைப்பட்டுப் போனார்கள். நகரம் விழுந்த நாளில் அண்டை இனத்தாராகிய ஏதோமியர் அதை இடித்துப்போடுங்கள் என்று உற்சாகப்படுத்தினார்கள். பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்ற அந்தப் பயங்கரமான கடைசி வரியைச் சொல்கிறவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு அதே கதி நேர்ந்ததைக் கண்டவர்களாக இருக்கக்கூடும். அவர்கள் கையில் பட்டயம் இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து, தங்கள் உள்ளத்தில் இருந்ததை ஒளிக்காமல் தேவனுக்கு முன்பாகக் கொட்டினார்கள். வேதாகமம் அந்த வேதனையைக் கேட்கப்பட்ட குரலாகப் பதிந்து வைத்திருக்கிறது. யாரும் அப்படிச் செய்யவேண்டும் என்ற கட்டளையாக அல்ல.

ஆகவே என் ஆலோசனை இது. இந்தச் சங்கீதங்களை வாசியுங்கள், ஜெபத்திலும் பயன்படுத்துங்கள். ஆனால் தவறு செய்யாத பிள்ளைகளின்மேல் தண்டனையைக் கேட்கும் வரிகளை ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் பெயரை வைத்துச் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படக்கூடாது என்று உபாகமம் 24:16 சொல்கிறது. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுவதும் அதையே விரித்துரைக்கிறது. சங்கீதம் 109-இன் நடுப்பகுதியிலுள்ள சாபங்கள் தாவீதின் வார்த்தைகள் அல்ல, பகைவர்கள் அவனுக்கு எதிராகச் சொன்னவற்றை அவன் எடுத்துச் சொல்கிறான் என்று விளக்குவோரும் உண்டு. எனினும் அதே சங்கீதத்தின் 8-ஆம் வசனத்தைப் பேதுரு யூதாஸுக்குப் பொருத்திக் காட்டியிருப்பதால், முழுச் சிக்கலையும் அந்த விளக்கத்தைக் கொண்டு தாண்டிப் போய்விட முடியாது.

கேள்வி: அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாமா?

தனிஜெபத்தில் சொல்லலாம். பவுல், தமக்குத் தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். ஆனால் ஜெபக் கூட்டத்தில் பலர் கேட்கப் பெயரைச் சொல்லி ஜெபிப்பது பெரும்பாலும் புறங்கூறுதலாக முடிந்துவிடும். கண்களை மூடிக்கொண்டு பேசியதால் அது ஜெபமாகிவிடாது.

கேள்வி: என்னிடமும் தவறு இருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படியிருக்க நான் எப்படி நியாயம் கேட்பது?

நீதியுள்ள நியாயாதிபதியிடம் போகிறவர் தாமும் அந்தக் கண்களுக்கு முன்பாகத்தான் நிற்கிறார். பென்யமீனியனாகிய கூஷ் என்பவனுடைய வார்த்தைகளினிமித்தம் பாடப்பட்ட சங்கீதம் 7-இல், தாவீது முதலில் தன்னையே விசாரணைக்கு நிறுத்துகிறான்: என் கைகளில் நியாயக்கேடு இருந்தால், என்னோடே சமாதானமாயிருந்தவனுக்கு நான் தீமை செய்திருந்தால், பகைஞன் என்னைத் தொடர்ந்து பிடித்துத் தரையிலே மிதிக்கட்டும் என்கிறான். அதற்குப் பிறகுதான் கர்த்தாவே எழுந்தருளும் என்ற வேண்டுதல் வருகிறது. இந்த வரிசையை மாற்றாமல் ஜெபித்துப் பாருங்கள். பாதி வழியிலேயே சில வழக்குகள் வாபஸ் ஆகிவிடும்.

சங்கீதம் 139-இலும் இதுவே. உம்மைப் பகைக்கிறவர்களை நான் முழுப்பகையாய்ப் பகைக்கிறேன் என்று சொன்ன வாய் அடுத்த மூச்சிலேயே, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்கிறது. உங்கள் தவறு சிறியதாகவும் அவருடையது பெரியதாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு. வன்முறைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானவர்கள், நடந்ததற்குத் தங்கள்மேலும் பங்கு இருக்குமோ என்று தேடித் தேடித் தங்களை வருத்திக்கொள்வதுண்டு. அந்தக் குற்றத்தின் பொறுப்பு முழுவதும் அதைச் செய்தவர்மேலேயே இருக்கிறது. இந்தப் பதிலை அவர்கள் தங்களுக்கு எதிராகத் திருப்பிக்கொள்ளக்கூடாது.

கேள்வி: தேவனிடம் ஒப்படைத்த பிறகு காவல்துறைக்கோ நீதிமன்றத்துக்கோ போவது விசுவாசக் குறைவு அல்லவா?

அல்ல. நீங்கள் பழிவாங்காதிருங்கள் என்று ரோமர் 12-இல் எழுதிய பவுல், தீமை செய்கிறவன்மேல் தண்டனை வரப்பண்ணும் அதிகாரி தேவஊழியக்காரன் என்று அடுத்த அதிகாரத்திலேயே எழுதுகிறார். அவரே பிலிப்பியில், விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்று மறுத்தார். செசரியாவில் ரோம ஆளுநராகிய பெஸ்துவுக்கு முன்பாக "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதை 1 கொரிந்தியர் 6-இல் அவர் கண்டிப்பது உண்மையே. ஆனால் அங்கே பேசப்படுவது சகோதரர்களுக்குள்ளான ஜீவனத்துக்கடுத்த வழக்குகள். குற்றச் செயலை, அதுவும் சபைக்குள் நடந்த கொடுமையை, மறைத்து வைக்க அந்த வசனத்தைப் பயன்படுத்துவோர் அதைத் திரித்துப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: பகைவருக்கு எதிராக ஜெபிக்கச் சொல்லி ஒரு ஊழியருக்குக் காணிக்கை கொடுக்கலாமா?

வேண்டாம். மோவாபின் ராஜாவாகிய பாலாக், கூலி கொடுத்து இஸ்ரவேலரைச் சபிக்கும்படி தீர்க்கதரிசியாகிய பிலேயாமிடம் இதைத்தான் கேட்டான். கூலி தயாராக இருந்தும் சாபம் ஒன்றும் வாயில் வரவில்லை, ஆசீர்வாதமே வந்தது.

கேள்வி: நான் மன்னித்துவிட்டேன். இனி நீதி கேட்டால் மன்னிப்பு பொய்யாகிவிடுமா?

2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் இரண்டே வசன இடைவெளியில் பவுல் இரண்டு விதமாகப் பேசுகிறார். தமக்கு வெகு தீமை செய்து, பிரசங்கத்தையே எதிர்த்து நின்ற அலெக்சந்தரைப் பற்றி, அவனுடைய செய்கைக்குத்தக்கதாகக் கர்த்தர் அவனுக்குப் பதிலளிப்பாராக என்கிறார். நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்று தீமோத்தேயுவுக்கும் சொல்கிறார். விசாரணையின்போது பயந்து தம்மைக் கைவிட்டுப்போன நண்பர்களைப் பற்றியோ, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். பலவீனத்தால் விழுந்தவரையும், இன்னும் தீங்கு செய்துகொண்டே இருப்பவரையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை.

மன்னிப்பது என்பது, அவர் எனக்குப் பட்டிருக்கும் கடனை நானே அவரிடமிருந்து வசூலிப்பதில்லை என்ற தீர்மானம். மற்றவர்களுக்கும் அவர் அதையே செய்யாதபடி தடுக்கப்பட வேண்டும் என்றும், உண்மை வெளிப்பட வேண்டும் என்றும் கேட்பது அந்தத் தீர்மானத்தை முறிப்பதில்லை.

கேள்வி: பல ஆண்டுகளாக ஜெபித்தும் அவர் செழிப்பாகவே இருக்கிறார். தேவன் கேட்கவில்லையா?

சங்கீதக்காரராகிய ஆசாப் சங்கீதம் 73-இல் இதே இடத்தில்தான் நின்றார். துன்மார்க்கர் கொழுத்துத் திரிவதைப் பார்த்து, தாம் இருதயத்தைச் சுத்தம்பண்ணியது விருதா என்று சொல்லும் அளவுக்குப் போனார். பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்து அவர்கள் முடிவைக் கவனிக்கும்வரை அது அவருக்கு வேதனையாகவே இருந்தது. பொறாமையும் கசப்பும் அந்தச் சங்கீதத்தில் மறைக்கப்படவில்லை.

தாமதத்துக்கு வேதம் சில காரணங்களைச் சொல்கிறது. ஆபிரகாமுக்குக் கானான் தேசத்தை வாக்குத்தத்தம் பண்ணியபோது, அங்கே குடியிருந்த எமோரியருடைய அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்பதால் சந்ததி நானூறு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று தேவன் சொன்னார். ஒருவரும் கெட்டுப்போகாமல் மனந்திரும்ப வேண்டும் என்பதற்காக அவர் நீடிய பொறுமையாயிருக்கிறார் என்று பேதுரு எழுதுகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் கூப்பிட்ட இரத்தசாட்சிகளுக்கும் உடனடித் தீர்ப்பு கிடைக்கவில்லை; வெள்ளை அங்கிகள் கொடுக்கப்பட்டு, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாற வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஆனால் இந்தக் காரணங்களில் எது உங்கள் வழக்குக்குரியது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அவரை நம்பாதீர்கள். சில வழக்குகள் இந்த வாழ்நாளுக்குள் தீர்வதில்லை. எதுவரைக்கும் என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சங்கீதம் 13 ஆரம்பத்திலேயே அதை நான்கு முறை கேட்கிறது.

கேள்வி: அவருக்கு ஒரு விபரீதம் நேர்ந்தபோது எனக்குள் மகிழ்ச்சி வந்தது. இது தவறா?

"உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்கிறது நீதிமொழிகள் 24:17. அப்படிச் சந்தோஷப்பட்டால் கர்த்தர் அதைக் கண்டு, தம் கோபத்தை அவன்மேலிருந்து திருப்பிவிடுவார் என்பது அடுத்த வசனம். எனினும், அநியாயக்காரன் தடுக்கப்பட்டான் என்ற நிம்மதியும் ஒரு மனிதனின் வலியைப் பார்த்து வரும் இன்பமும் ஒன்றல்ல. நாபால் மாண்ட செய்தி வந்தபோது தாவீது கர்த்தரை ஸ்தோத்திரித்தான். தன்னைப் பொல்லாப்புச் செய்யாதபடி தடுத்ததற்காகவும் சேர்த்தே ஸ்தோத்திரித்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விபத்தையும் நோயையும் தேவன் அனுப்பிய தீர்ப்பென்று நாமே முடிவுகட்டிவிடக்கூடாது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப்பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாவீதும் எல்லா நாளும் இதில் தேறவில்லை. தன்னைத் தூஷித்துக் கல்லெறிந்த சீமேயியை உயிரோடு விட்டவன், மரணப் படுக்கையில் அவனைச் சும்மா விடாதே என்று சாலொமோனிடம் சொல்லிவிட்டுப் போனான். ராஜ்யத்தின் பாதுகாப்புக்காகச் சொன்னான் என்று விளக்கம் தருவோர் இருக்கிறார்கள். எனக்கு அது ஆறாத புண்ணாகவே படுகிறது.

கேள்வி: அப்படியானால் என்ன வார்த்தைகளில் ஜெபிப்பது?

உங்கள் சொந்த வார்த்தைகள்தான் நல்லது. தொடங்கத் தெரியாதவர்களுக்காக ஒன்றை எழுதுகிறேன்:

"ஆண்டவரே, இவர் எனக்குச் செய்தது உமக்குத் தெரியும். கையெழுத்தை வாங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பினார். கேட்டபோது நான் பொய்யன் என்று சொன்னார். இது எனக்கு வலிக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. என்மேல் தவறு இருந்தால் அதைக் காட்டும். இவருடைய திட்டங்கள் நிறைவேறாமல் போகட்டும், பொய் வெளிப்படட்டும், இன்னொருவர் இப்படி ஏமாறாதிருக்கட்டும். இவர் வெட்கப்படுவது உம்மைத் தேடுவதற்கு வழியாக இருக்குமானால் இவரை வெட்கப்படுத்தும். தீர்ப்பு உம்முடையது. இன்றைக்கு என் வாயையும் கையையும் காத்துக்கொள்ளும்."

வெட்கத்தைப் பற்றிய அந்த வேண்டுதல் என்னுடைய கற்பனை அல்ல. பத்து இனத்தார் ஒன்றுகூடி இஸ்ரவேலை அழிக்க எழும்பியபோது பாடப்பட்ட சங்கீதம் 83-இல், அவர்கள் உமது நாமத்தைத் தேடும்படிக்கு அவர்கள் முகங்களை அவமானத்தாலே மூடும் என்று 16-ஆம் வசனம் வேண்டுகிறது.

கேள்வி: எனக்குத் தீங்கு செய்தவர் இறந்துவிட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, நீதியும் கிடைக்கவில்லை. இனி நான் எப்படி ஜெபிப்பது?

அவருக்கு எதிரான வேண்டுதலை நிறுத்திவிடலாம். அவர் இப்போது நியாயாதிபதியின் முன்பாகவே இருக்கிறார். உங்களுக்கு நேர்ந்த இழப்பைப் பற்றியும், கேட்கக் கிடைக்காமல் போன மன்னிப்பைப் பற்றியும் தொடர்ந்து ஜெபியுங்கள். சில நேரங்களில் எதிர்பாராத துக்கமும் வரும். ஆண்டுக்கணக்காகத் தன்னை வேட்டையாடிய சவுல் கில்போவா மலையில் மடிந்தபோது தாவீது வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு சாயங்காலமட்டும் உபவாசித்து அழுதான்; பின்பு, சவுலின் குடும்பத்தில் இன்னும் யாராவது மீதியாயிருக்கிறார்களா, யோனத்தானிமித்தம் நான் தயவுசெய்ய வேண்டும் என்று விசாரித்து, லோதேபாரில் ஒருவர் வீட்டில் ஒதுங்கியிருந்த தன் நண்பனும் சவுலின் மகனுமான யோனத்தானின் கால்முடமான பிள்ளை மேவிபோசேத்தைத் தன் பந்திக்கு அழைத்துவந்தான். இறந்தவரின் பிள்ளைகள் உங்களைத் தெருவில் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களாக இருக்கலாம். அப்படியிருந்தாலும் நீங்கள் முதலில் வணக்கம் சொல்லலாம்.